கோலப்பொடியில் போட்ட பாதை

நன்றின்னு ஒண்ணு இந்தக் காலத்துப் பிள்ளைககிட்டக் கிடையாதும்மா. கொஞ்சம்கூடக் கிடையாது. நீங்க சின்ன வயசு, கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சொல்லல.

இருங்க, இந்த பஸ் ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறேன், சாரல் அடிக்குது. நான் காலேஜ்ல வேலை பாக்குறேன். சமூகவியல் துறைத் தலைவர். உடனே "சமூக சேவையா?"ன்னு கேட்றாதீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எங்க நாத்தனார் இன்னிக்கு வரைக்கும் நான் அனாதை ஆசிரமம் நடத்துறதாத்தான் நினைச்சிட்டிருக்கா. சேவை இல்லம்மா, படிப்பு. மனுஷன் மனுஷனை எப்படி மேல கீழன்னு அடுக்கி வச்சிருக்கான், ஏன் வச்சிருக்கான், அதைப் படிக்கிறது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அறிமுகத் தாள் நான்தான் எடுப்பேன், வேற யாருக்கும் விட மாட்டேன். அதுல சமூக ஏற்றத்தாழ்வுன்னு ஒரு பகுதி வரும். நான் அதை நடத்துனா வகுப்புல அழுதுருவாங்க. நிஜமா. ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதிருக்கான். அப்புறம் விசாரிச்சா அவனுக்குப் பல்வலியாம், அது வேற விஷயம்.

இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்னா, மனசு ஆறல. பாண்டிமீனான்னு ஒரு பொண்ணு. ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன், ஆய்வு செய்யுற ஊரோட பேரை வெளிய சொல்லக் கூடாது, அது எங்க நெறி. நான் இறங்குறப்போ போர்டைப் பார்த்து நீங்களே தெரிஞ்சுக்கங்க.

போன வருஷம் சேர்ந்தா. ஹாஸ்டல்ல இருந்தா. கடைசி பெஞ்சு. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பா, வாய்ல கொழுக்கட்டைதான். ஆனா பரீட்சையில நறுக்குனு எழுதுவா. யாருடா இதுன்னு அட்மிஷன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஊரு, காலனித் தெரு, அப்பா கூலி, சாதி, எல்லாம் இருந்துச்சு. அடடா, நமக்குன்னே வந்த பிள்ளை இதுன்னு சந்தோஷமாப் போச்சு எனக்கு. புத்தகத்துல இருக்கிறதை எத்தனை நாளைக்குப் படிச்சுக் காட்டுறது? உசுருள்ள உதாரணம் வகுப்புலயே உக்காந்திருக்கு!

அதுக்கப்புறம் ஏற்றத்தாழ்வுன்னு பேச்சு வந்தாலே அவளைத்தான் எழுப்புவேன். "பாண்டிமீனா, நீ சொல்லும்மா. ஒதுக்கி வச்சா எப்படி இருக்கும்? வெக்கப்படாமச் சொல்லு." அவ நிப்பா. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அது வரைக்கும் அவ எந்தத் தெருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதாம். நான்தான் அந்தத் தயக்கத்தை உடைச்சு விட்டேன். மறுநாளே அவ பக்கத்துல உக்காந்திருந்த புள்ள முன் பெஞ்சுக்கு மாறிருச்சு. ஃபேன் காத்து வரலையாம்.

எங்க படிப்புல களப்பணின்னு ஒண்ணு உண்டு. பிள்ளைகளை ஒரு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் யோசிச்சேன், நம்ம பொண்ணு ஊரே இருக்கே, எதுக்கு வேற ஊரு? வகுப்புல சொன்னேன். எல்லாரும் கை தட்டுறாங்க, இவ மட்டும் சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நிக்கிறா.

"மேடம், எங்க ஊரு வேணாம் மேடம். பக்கத்து ஊர்ல கேளுங்க."

"ஏன், உங்க ஊருக்கு என்ன?"

"அம்மாவுக்கு முடியல மேடம். வயித்துல கட்டி. இனி பாக்க ஒண்ணுமில்லன்னு பெரியாஸ்பத்திரில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அடப் பாவமே. நாங்க என்ன உங்க வீட்டுக்கா விருந்துக்கு வர்றோம்? ஊரைத்தானே பார்க்க வர்றோம்."

அவ போகல. காலால தரையைத் தேய்ச்சுக்கிட்டே நிக்கிறா. அப்புறம் மெதுவாச் சொல்றா, "எங்க ஊர்ல சில விஷயம் யாரும் பேசாம இருக்கிறதாலதான் மேடம் ஓடிட்டிருக்கு."

கேட்டீங்களா? முதல் வருஷப் பொண்ணு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "அந்த மௌனத்தைத்தாம்மா நாம உடைக்கப் போறோம்"னு தோள்ல தட்டி அனுப்புனேன்.

சமூக வரைபடம்னு ஒரு முறை இருக்கு. பேப்பர் பேனாவைக் குடுத்தா கிராமத்து ஜனம் பயப்படும். அதனால தரையில, கோலப்பொடியில, ஊரை அவங்களையே வரைய விடணும். வயலுக்குப் பச்சைப் பொடி, கண்மாய்க்கு நீலம், வீட்டுக்குச் சிவப்பு. கோலம்னா கை தானா ஓடும் பாருங்க. நான் ஒரு பயிற்சியில கத்துக்கிட்டு வந்தது. ரொம்ப அழகான முறை.

போய் இறங்குனோம். பிரசிடென்ட் ஒரு அம்மா. பேருக்குத்தான். எல்லாம் அவங்க வீட்டுக்காரர் பூபதிதான். தங்கமான மனுஷன்மா. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி பந்தல் என்ன, மோர் என்ன, எனக்கு மாலை வேற. எனக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்னு கேட்டார். சொன்னேன். யார் வீடு, எந்தத் தெருன்னு நூல் பிடிச்சுக்கிட்டே போயி, "அப்படிச் சொல்லுங்க டீச்சர், நமக்குள்ளதான்"னு சிரிச்சார். எனக்கு அதெல்லாம் பிடிக்காது, நான் சாதியே பார்க்க மாட்டேன். மரியாதைக்குச் சிரிச்சு வச்சேன்.

பாண்டிமீனாவைத்தான் வரைய விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, பொடியைக் கிள்ளி இழுத்தா கோடு பிசகல. கோயில், கண்மாய், மேலத்தெரு, ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் அவங்க காலனி. அப்புறம் இந்தக் கோடியில, வயலெல்லாம் தாண்டி, அவங்க மயானம். கையைத் தட்டிட்டு எந்திரிச்சுட்டா.

நான் பார்க்குறேன். காலனி அங்க, மயானம் இங்க. நடுவுல பூரா பச்சை. வழியைக் காணோம். இதெல்லாம் பழகுன கண்ணுக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, போற வழி எங்க?"

"வழின்னு இல்ல மேடம்."

"அப்ப பொணம் பறந்தா போகும்?"

பிள்ளைகள் குபீர்னு சிரிச்சிருச்சு. பூபதியும் சிரிச்சார். இவ சிரிக்கல. குனிஞ்ச தலை நிமிரல. கூட்டத்துல காலனிப் பெரியவர் ஒருத்தர், "ஆத்தா, வெயிலாயிருச்சு, போதும் வா"ன்னு அவளைக் கூப்பிடுறார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீங்க சும்மா இருங்கய்யா, இது பாடம்"னு ஒரு போடு போட்டேன். "பாண்டிமீனா, வரை. இதுக்குத்தான் இன்டர்னல் மார்க்கு."

அப்பவும் அவ என்னைப் பார்க்கல, பூபதியைப் பார்க்குறா. நான் போயி அவ கையைப் பிடிச்சேன். ஜில்லுனு இருந்துச்சு கை. பிடிச்சு, அந்தக் கையாலயே வெள்ளைப் பொடியை எடுத்து, பச்சைக்கு நடுவால ஒரே இழுப்பு, காலனியில இருந்து மயானம் வரைக்கும். அது பூபதியோட வயல்னு எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன். சத்தமாச் சொன்னேன், "இது இவங்க பாதை. இது இவங்க உரிமை." பிள்ளைகள் அப்படிக் கை தட்டுச்சு. பூபதியும் தட்டினார்மா. வேற ஒருத்தனா இருந்தா தட்டுவானா? "டீச்சர், இந்தப் படத்துல எனக்கும் ஒண்ணு குடுங்க"ன்னார். போட்டோ எடுத்து, ஃப்ளெக்ஸே அடிச்சு, பஞ்சாயத்து ஆபீஸ்ல மாட்டச் சொல்லிக் குடுத்தேன்.

மதியம் அவர் வீட்டுலதான் சாப்பாடு. எல்லாப் பிள்ளைகளும் உக்காந்துருச்சு, பாண்டிமீனாவை மட்டும் காணோம். பசிக்கலன்னு வேன்லயே உக்காந்துட்டாளாம். அவ்வளவு நல்ல சாப்பாடு! என்ன பொண்ணோ போங்க, வீட்டு வாசல் வரைக்கும் வந்தவ.

இங்கதாம்மா சிக்கல். கேளுங்க. காலங்காலமா காலனியில ஒரு சாவுன்னா, பூபதி வயல் வரப்பு மேலதான் தூக்கிட்டுப் போவாங்களாம். கேக்குறதும் இல்ல, குடுக்கிறதும் இல்ல. சாவுச் செய்தி காதுல விழுந்ததும் பூபதி வண்டியை எடுத்துட்டு டவுனுக்குப் போயிருவாராம். அவர் அப்பாவும் அப்படித்தானாம். பார்த்தா தடுத்தாகணும், இல்லன்னா சாதிசனம் காறித் துப்பும். பார்க்கலன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம். இவங்க போயி அடக்கம் பண்ணிட்டு வந்ததுக்கு அப்புறம்தான் அவர் ஊருக்குள்ள வருவார். வரப்பு மிதிபட்டிருக்கேன்னு கேக்க மாட்டார். இதான் ஏற்பாடு.

என்ன ஒரு ஏற்பாடு! எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதையே ஒரு கட்டுரையா எழுதியிருப்பேன்.

படம் போட்டதும் பூபதி வயலைச் சுத்திக் கம்பி வேலி அடிச்சுட்டார். "இம்புட்டு நாளும் வரப்பு. டீச்சரம்மா பாதைன்னு பேரு வச்சுட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு இதே படத்தைக் காட்டி எழுதிக் குடுன்னு கேப்பானுங்க. என் சொந்தக்காரன் எல்லாம் என்னையப் பார்த்துச் சிரிக்கிறான்"னாராம். அவர் பக்கத்து நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. சமூகவியல்ல எல்லாப் பக்கமும் பார்க்கணும்.

பாண்டிமீனா ஓடி வந்தா. ஐப்பசி, நல்ல மழை அன்னிக்கு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஸ்டாஃப் ரூமுக்குள்ள வந்துட்டா. "மேடம், ஒரே ஒரு தடவை வந்து சொல்லிருங்க மேடம். பாடத்துக்காகத் தப்பாப் போட்டுட்டோம்னு. அந்தக் கோட்டை மட்டும் அழிச்சுட்டு வேற படம் குடுத்துருங்க. அம்மாவுக்குத் தண்ணியே இறங்கல. எந்த நேரமும் மேடம்."

"தரவைத் திருத்தச் சொல்றியா என்னை?" நான் அதிர்ந்து போயிட்டேன். முதல் மாசத்துலயே ஆய்வு நெறி நடத்துனது நான்தானே, காதுல வாங்கவே இல்ல. சரி, படிக்கிற பிள்ளைன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி பதியணும், யாருக்காகவும் மாத்தக் கூடாதுன்னு. "நீ கலெக்டருக்கு மனு எழுது. நான் பிழை திருத்தித் தர்றேன்"னு கூடச் சொன்னேன். "மனு போறதுக்குள்ள அம்மா போயிரும் மேடம்"னு சொல்லிட்டு, என் காலைப் பிடிச்சுட்டா. எல்லார் முன்னாடியும்! எங்க கோமதி மிஸ் வாயைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சுயமரியாதையைப் பத்தி வருஷம் பூரா தொண்டைத்தண்ணி வத்தப் பாடம் எடுக்குறவ நான், என் மாணவி தரையில கிடக்குறா. "எந்திரிடி!"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். எந்திரிச்சுப் போயிட்டா.

கார்த்திகை பிறந்து அந்த அம்மா தவறிட்டாங்க. அடை மழை. எனக்குத் தகவல் வந்ததும் பிள்ளைகளை வேன்ல ஏத்திட்டுப் புறப்பட்டேன். இந்த மாதிரி நேரடிப் பார்வை எப்பவும் கிடைக்காது.

இந்தத் தடவை பூபதி டவுனுக்குப் போகல. வேலி ஓரமா சேரைப் போட்டு, குடையைப் பிடிச்சு உக்காந்துட்டாராம். ஒரு கெட்ட வார்த்தை பேசல, கை நீட்டல. சும்மா உக்காந்திருந்தார், அவ்வளவுதான். காலனி ஜனம் பாடையோட வேலி வரைக்கும் வந்து, அவரைப் பார்த்துட்டு, நின்னு, திரும்பிருச்சு. வேற வழி? கண்மாய்தான்.

நாங்க போறப்போ பாதிக் கண்மாய்ல இருந்தாங்க. கழுத்தளவு தண்ணி. தலைக்கு மேல பாடையைத் தூக்கிட்டுப் போறாங்க. நான் போன்ல எடுத்து அழிக்காம வச்சிருக்கேன், ஆனா மழையில படம் தெளிவா இல்ல. தூக்குனவங்கள்ல ஒருத்தருக்குக் கால் சறுக்கிருச்சு. பாடை ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, அந்த அம்மாவோட கை வெளிய வந்து தண்ணியில தொங்குது. பாண்டிமீனா கரையில இருந்து பாய்ஞ்சா பாருங்க. நீச்சல் தெரியுமோ தெரியாதோ. போயி, அந்தக் கையை எடுத்து உள்ள வச்சு, அப்படியே பிடிச்சுக்கிட்டே அக்கரை வரைக்கும் போனா.

நான் பிள்ளைகள்கிட்டச் சொன்னேன், "பார்த்துக்கங்க, இதுதான் ஏற்றத்தாழ்வு. பரீட்சையில உதாரணம் கேட்டா இதை எழுதுங்க." ரெண்டு மூணு புள்ளைக குறிப்பு எடுத்துச்சு, ஒண்ணு ரெண்டு அழுதுச்சு. எல்லாரும் தெப்பமா நனைஞ்சுட்டோம். பூபதி வீட்டுலதான் துண்டு குடுத்து, சுக்குக் காபி போட்டுக் குடுத்தாங்க. அந்த மழையில அது இல்லன்னா எனக்குக் காய்ச்சலே வந்திருக்கும்.

அதை வச்சுக் கட்டுரை எழுதுனேன். பெரிய கருத்தரங்கு, எங்க காலேஜ்லயே நடந்துச்சு. பாண்டிமீனாவுக்கு நான் எவ்வளவு பெரிய வாய்ப்புக் குடுத்தேன் தெரியுமா? மேடையில ஏத்தி, மைக்கைக் கையில குடுத்து, "உன் அனுபவத்தைச் சொல்லும்மா"ன்னேன். பேர் மட்டும் சொல்லிராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். கட்டுரையில நான் 'தகவலாளியின் தாய்'னுதான் போட்டிருக்கேன், நெறி அதுதான். இவ மைக்கை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்தா. அப்புறம், "எங்கம்மா பேரு ராக்கம்மா"ன்னா. அவ்வளவுதான். மைக்கைக் கீழ வச்சுட்டு இறங்கிப் போயிட்டா. மேடையில நான் நெளிஞ்சேன் பாருங்க, ஜென்மத்துக்கும் மறக்காது.

அது போதாதுன்னு வெளியூர்ப் பேராசிரியர் ஒருத்தர் எந்திரிச்சு, "வழி மறுக்கப்பட்டதுக்கு ஆதாரம் எங்க? நீங்க காட்டுறது வெறும் தண்ணிதானே"ங்கிறார். பூபதி உக்காந்திருந்ததை நான் எடுக்கல, நாங்க போறதுக்குள்ள அது முடிஞ்சிருச்சே. கட்டுரையைப் புத்தகத்துல போடணும்னா முழுசாப் பதிவு வேணுமாம்.

அதுல இருந்து இவ என் முகத்தைப் பார்த்துப் பேசுறதே இல்ல. வகுப்புக்கு வருவா, உக்காருவா, போவா. யாருக்காக இவ்வளவும் செஞ்சேன்? சொல்லுங்க. அவளுக்காகத்தானே? இந்த வாரமா ஆளையே காணோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, கோமதி மிஸ்கிட்ட மட்டும் லீவு சொல்லிட்டுப் போயிருக்கா. என்னன்னு கேட்டா, அவ அப்பாவுக்கும் முடியலையாம். நெஞ்சுல சளி, மூச்சு இழுக்குதாம். அந்த மனுஷனையும் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்களாம். "பெரிய மேடத்துக்குத் தெரிய வேணாம்"னு வேற சொல்லிட்டுப் போயிருக்கா. பாவம், வெக்கம்.

மழையைப் பார்த்தீங்களா? கண்மாய் நிறைஞ்சு மறுகால் போகுதாம். போன தடவை கழுத்தளவு. இப்ப ஆள் நிக்க முடியாது.

நான் உடனே பூபதிக்குப் போன் போட்டேன். அவர் என்ன சொல்றார் தெரியுமா? "போன தடவை அந்தக் கை தொங்குனதைப் பார்த்ததுல இருந்து சோறு இறங்கல டீச்சர். எங்க வீட்டுலயும் திட்டுறா. இந்தத் தடவை நான் மதுரைக்குப் போயிரலாம்னு இருக்கேன். வேலியில ஒரு பக்கம் கம்பியை அவுத்து விடச் சொல்லிட்டேன். எவன் எப்படிப் போனா எனக்கென்ன, நான்தான் ஊர்லயே இல்லையே"ங்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை பாடுபட்டு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததை, மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டு மூடி மறைக்கப் பார்க்குறாங்க! அப்புறம் இந்த அமைப்பு எப்பம்மா மாறும்? எவன் நம்புவான்? "அய்யோ, போயிராதீங்க"ன்னேன். "நான் வர்றேன், வேலியை அப்படியே விடுங்க. நீங்க போன தடவை மாதிரியே சும்மா சேர்ல உக்காந்திருந்தாப் போதும். உங்க முகத்தை மங்கலாக்கிருவேன், பேரும் போட மாட்டேன்"னு கெஞ்சாத குறையாக் கேட்டேன். ரொம்பத் தயங்கினார். "என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க, பாவமில்லையா"ன்னார். "நமக்குள்ள இதுகூடச் செய்ய மாட்டீங்களா"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவரால மறுக்க முடியல.

ஏம்மா அப்படிப் பார்க்குறீங்க? உங்களுக்கும் இந்தப் பக்கம்தானா ஊரு? சரி சரி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, என் ஸ்டாப் வருது. கண்டக்டர், ஒரு ஆள் இறக்கம்! அவ அப்பா நான் போற வரைக்கும் தாங்கணும். பூபதி இருக்கேன்னு சொல்லிட்டார்.